பேச்சியம்மா வீட்டுப் போரும் மடங்காத பிட்டும்

தான் செய்த சாமான் வேலை செய்வதைத் தன் கண்ணால் பார்க்கவே முடியாத தொழில் ஒன்று உண்டென்றால், அது ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகையில் பாறையைக் குடைகிற பிட் என்ற இரும்பு முனைக்குப் படம் வரைந்து, அதைச் செய்தும் கொடுக்கிற என் தொழில்தான். தச்சு ஆசாரி தான் செய்த கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்த்துவிடலாம். நான் செய்தது இருநூறு அடிக்குக் கீழே போய்ப் பாறையைக் கடிக்கும். மேலே நிற்கிற எனக்குச் சத்தமும் புழுதியும்தான் மிச்சம்.

வீட்டில் போர் போட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. போர் வண்டி வந்து நின்ற அன்றைக்கு உங்களுக்கு இட்லி தொண்டையில் இறங்கியிருக்காது. "புகைதான் வருது" என்று வண்டிக்காரர் சொன்னதும் போட்ட பணத்தை மனசுக்குள் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். ஈரமே படாத வெறும் பாறைப்பொடியைத்தான் நாங்கள் புகை என்போம். உங்களுக்கு அந்தப் பதைப்பு ஆயுசில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ. எனக்கு அதுவே பிழைப்பு. அந்தப் பாத்தியதையில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.

குடை

என் பட்டறை திருநெல்வேலியில் பேட்டைப் பக்கம். போன கோடையில் ஒரு மத்தியானம் பேச்சியம்மாவும் அவர் வீட்டுக்காரர் சுடலைமுத்துவும் வந்தார்கள். மூலைக்கரைப்பட்டிக்கும் தெற்கே ஏத்தன் வாழை போட்டிருக்கிறார்கள். சுடலைமுத்து வாயே திறக்கவில்லை. பேச்சியம்மா மூச்சு விடாமல் பேசினார். "ஆறு திருநெல்வேலியில ஓடுது தம்பி. எங்களுக்கு அதப் பஸ்ஸுல வந்து பாத்துட்டுப் போவத்தான் கொடுப்பினை. எங்களுக்கு இருக்கது ஒரே ஒரு போரு. அரைமணி நேரம் ஓடும், பொறவு காத்த இழுத்துக்கிட்டுக் கெடக்கும். வாழை கொலை தள்ளுத நேரம். இப்பம் தண்ணி காட்டலேன்னா கொலையெல்லாம் விரல் தண்டிக்கு நின்னுபோவும்."

பக்கத்திலேயே புதிதாக இரண்டு போர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் புகை. பழைய போரில் மட்டும் அடியில் ஒரு பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் கசிகிறது. ஆனால் தேங்கி நிற்க இடமில்லை. மேலிருந்தே அகலப்படுத்தவும் வழியில்லை. மேலே முழுக்க ஓடை மணல், அதைத் தாங்கி நிற்கிற பழைய கேசிங் பைப்பைத் தொட்டால் மணல் சரிந்து போரே மூடிக்கொள்ளும். ஆகவே கழுத்து ஒடுக்கமாக அப்படியே இருக்க, அடியில் மட்டும் குடம் மாதிரி வயிறு அகல வேண்டும். அதற்கு இறக்கை வைத்த பிட் செய்யலாம் என்றேன். புரியட்டும் என்று மூலையில் கிடந்த குடையை எடுத்துக் காட்டினேன். மடங்கிக்கொண்டே கழுத்து வழியாக உள்ளே போகும், அடியில் போய் விரிந்து சுற்றிலும் பாறையை அரைக்கும், மேலே இழுத்தால் கழுத்தில் தட்டித் தானாக மடங்கி வந்துவிடும். நல்லா விளங்கும்படிதான் சொன்னேன் என்று எனக்கே ஒரு பெருமை. பேச்சியம்மா குடையை வாங்கி ஒருமுறை விரித்தார், மடக்கினார், திருப்பிக் கொடுத்தார்.

"எங்க வீட்டுக் குடையும் நல்லாத்தான் விரியுது தம்பி, மடங்கத்தான் மாட்டேங்கு."

பட்டறைச் சோதனை

அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. இறக்கை மடங்காவிட்டால் பிட் கழுத்துக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். பிட்டோடு, அதை மாட்டி இறக்குகிற இரும்பு ராடையும் உள்ளேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். ராடு போனால் வண்டிக்காரர் இன்னொன்று வாங்கிக்கொள்வார். அந்த ஒற்றைப் போர் போனால் இவர்கள் எதை வாங்குவார்கள்?

இரண்டு படத்தைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் இறக்கையின் பின்பக்கத்தைச் சரிவாக்கி, கழுத்தில் பட்டவுடன் வழுக்கி உள்ளே போகும்படி வைத்தேன். என்னோடு வெல்டிங் வேலை பார்க்கிற தாவீது ஒரு துண்டு கேசிங் பைப்பைப் பட்டறைக்குப் பின்னால் நட்டுக் கொடுத்தார். அதற்குள் பிட்டை இறக்கினோம், விரித்தோம், இழுத்தோம். சமத்தாக மடங்கி வந்தது. மணலைக் கொட்டிப் பார்த்தோம், வந்தது. சேற்றைக் கரைத்து ஊற்றிப் பார்த்தோம், அதற்கும் வந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. எல்லாருக்கும் டீ சொன்னேன். தாவீது மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே பிட்டை ஏற இறங்கப் பார்த்தார். நான் எப்போதெல்லாம் சந்தோஷப்படுகிறேனோ அப்போதெல்லாம் அந்த மனுஷனுக்கு இப்படி ஒரு பார்வை வந்துவிடும்.

"இங்கன மடங்கும்வே. இங்கன பாறையும் இல்ல, ஆளும் இல்ல."

சந்தனம்

வேலை நடக்கிற அன்றைக்கு விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டேன். வண்டிக்கார ஆறுமுகம் அண்ணாச்சி இந்த ஜில்லாவில் துளைக்காத பாறை கிடையாது. கை சுத்தம், பேச்சு சுத்தம். பூஜை போடாமல் மட்டும் மனுஷன் வண்டியில் கைவைக்க மாட்டார். எலுமிச்சம்பழம், கற்பூரம், தேங்காய் எல்லாம் ஆயிற்று. பிறகு பிட்டைப் படுக்க வைத்து, கை நிறையச் சந்தனத்தைக் குழைத்து அதன் முகத்தில் அப்பினார். எனக்குச் சுரீரென்றது. பிட்டின் முகத்தில் இரண்டு துளை இருக்கும். அதன் வழியாகக் காற்று பாய்ந்துதான் அரைத்த பொடியை மேலே தள்ளும். அண்ணாச்சி பார்த்துப் பார்த்து அந்த இரண்டு துளையிலும் சந்தனத்தை அடைத்து, மேலே குங்குமமும் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, பொட்டு வைக்க இவ்வளவு இடம் கெடக்கு, அந்தத் துளைதானா கிடைச்சுது?" என்று கத்திவிட்டேன். காற்று அடித்தால் தானே பிய்த்துக்கொண்டு போய்விடும் என்றார். போகும்தான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. தென்னை ஈர்க்கு ஒன்றைப் பிடுங்கி, உட்கார்ந்து இரண்டு துளையையும் குடைந்து சுத்தம் செய்தேன். சாமி காரியத்தில் கைவைக்கிறானே என்று சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள். பேச்சியம்மா ஒருவர்தான் என் பக்கம் பேசினார். கை கழுவ நான் தொட்டிப் பக்கம் போகும்போது பின்னாலிருந்து கேட்டது.

"அவரு செய்யது நல்லதுதான, கண்ணுல சந்தனம் போனா எரியும்லா."

கயிறு

வயிறு அரைக்கிற வேலை அருமையாகப் போயிற்று. பொடி ஒரே சீராக வந்தது. பிறகு ஈரமாக வந்தது. பிறகு கலங்கல் தண்ணீராகவே கொப்பளித்தது. சுடலைமுத்து சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். போதும், ஏற்றுங்கள் என்றேன். அண்ணாச்சி இழுத்தார். ராடு கொஞ்சம் ஏறி, 'டங்'கென்று நின்றது. இறக்கி மறுபடி இழுத்தார். மறுபடியும் அதே இடத்தில் 'டங்'. இறக்கை மடங்கவில்லை.

பொய் சொல்லவில்லை, நான் பயந்துபோனேன். அண்ணாச்சி வண்டியின் முழு பலத்தையும் போட்டு இழுக்கப் பார்த்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இழுவைக்கு ஒன்று ராடு முறியும், அல்லது பிட் கழுத்தில் இறுகிப் போகும். எப்படியானாலும் போருக்கு அதோடு முடிந்தது. சுடலைமுத்து மெதுவாக எழுந்துபோய் வாழைக்குள் உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பட்டறையில் மணலுக்கும் சேற்றுக்கும் மடங்கிய இறக்கை இங்கே ஏன் மடங்கவில்லை? பிட்டில் வேறு ஏதாவது மாட்டினீர்களா என்று கேட்டேன். அண்ணாச்சி பேச்சியம்மாவைப் பார்த்தார். பேச்சியம்மா வானத்தைப் பார்த்தார். துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் கை கழுவப் போன நேரத்தில், கோயிலில் மந்திரித்த செம்புத் தாயத்து ஒன்றை மஞ்சள் கயிற்றில் கோத்து, இறக்கைக்கு மேலே பிட்டின் கழுத்தில் கட்டியிருக்கிறார் அந்தம்மா. அது வழுகிக் கீழே வந்து, இறக்கை மடங்குகிற இடுக்கில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். "பாத்துக்கிட்டு எப்படி அண்ணாச்சி எறக்குனீங்க?" என்றேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாமிக் கயித்த அறுக்க எனக்குக் கை வருமாவே?"

ஷாம்பு

கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பிட்டைப் போரின் கழுத்திலிருந்து இறக்கி, அகலமான வயிற்றுக்கே கொண்டுபோகச் சொன்னேன். அங்கே இறக்கைக்கு எந்த நெருக்கலும் இல்லை. பைய, மிகப் பைய சுற்றவைத்து, சோப்புத் தண்ணீரைக் காற்றோடு சேர்த்து அடித்தால் வழுகி வழுகித் தாயத்து இடுக்கிலிருந்து கழன்று விழும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை இருந்தது, சோப்புத்தான் இல்லை. வண்டியில் எப்போதும் இருக்கும் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை.

ஊரில் இருந்தது ஒரே ஒரு பெட்டிக்கடை. வாசலில் சரம் சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட் அத்தனையையும் பேச்சியம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து பல்லால் கடித்துக் கடித்து வாளியில் பிழிந்தார்கள். வாழைத்தோட்டமே கல்யாண வீட்டு வாசனை அடித்தது. ராடுக்குள் ஊற்றிக் காற்றைத் திறந்தோம். போர் வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி, கேசிங் பைப்பைச் சுற்றி வழிந்தது. அண்ணாச்சி லீவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சுற்றுவார், நிறுத்துவார், இழுத்துப் பார்ப்பார். 'டங்'. மறுபடி நுரை. மறுபடி 'டங்'. வெயில் சாய்ந்து வாழை நிழல் வண்டிமேல் விழும்வரை இப்படியே போயிற்று. அப்புறம் ஒரு இழுப்புக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ராடு ஏறிக்கொண்டே இருந்தது. யாரும் கைகூடத் தட்டவில்லை, தட்டினால் நின்றுவிடுமோ என்கிற பயம். கடைசி ராடோடு பிட் வெளியே வந்தது. இறக்கை இரண்டும் மடங்கி, உடம்பெல்லாம் நுரையோடு தொங்கியது. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வரப்பில் இருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"மதினி, ஒங்க போருக்குத் தலைக்கு ஊத்தியாச்சு, இனி சாம்பிராணி போட வேண்டியதுதான் பாக்கி."

தாயத்து

மறுநாள் மோட்டாரைப் போருக்குள் இறக்கி ஓடவிட்டார்கள். நானும் போயிருந்தேன்; போகாமல் இருக்க முடியுமா? அரைமணி நேரம் ஆயிற்று. இப்போது காற்றை இழுக்கும் என்று எல்லாரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். இழுக்கவில்லை. ஒரு பாத்தி நிறைந்து அடுத்த பாத்திக்கு மடை திறந்தார் சுடலைமுத்து. அதற்கு அடுத்ததற்கும் திறந்தார். வெயில் நன்றாக ஏறிய பிறகும் குழாய் நிறையத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அந்த மனுஷன் மண்வெட்டியை வாய்க்கால் கரையில் ஊன்றிக்கொண்டு, தண்ணீரில் காலை நனைத்தபடி நின்றார். இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரு சாமான் என்ன செய்தது என்று கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

ஒரு பாராட்டு வரும் என்று நான் எதிர்பார்த்தது வாஸ்தவம். மனுஷன்தானே? மூன்று படம் போட்டவன், சரிவு வைத்தவன், ராடு முறியாமல் அண்ணாச்சி கையைப் பிடித்தவன். பேச்சியம்மா சொம்பில் மோர் கொண்டுவந்தார். பிட்டில் ஒட்டியிருந்த பிய்ந்த மஞ்சள் கயிற்றை அவரிடம் காட்டி, "தாயத்தக் காணோம்மா, அடியிலதான் விழுந்திருக்கும்" என்றேன். இனிமேலாவது இப்படிச் செய்யாதீர்கள் என்று தன்மையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதைக் கேட்டதும் அந்தம்மா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! குழாயை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, புதுத் தாயத்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினார்.

"அது உள்ளயே நின்னுட்டுல்லா, அதான் தண்ணியும் வத்தாம நிக்கி, இத நீங்க அடுத்த பிட்டுல கட்டிருங்க தம்பி, சும்மா இறக்கைய மட்டும் நம்பி எறக்காதிய."

பாறை எவ்வளவு கெட்டி என்று விசாரித்துத்தான் முன்பெல்லாம் பிட்டுக்குப் படம் போட ஆரம்பிப்பேன். இப்போது அதற்கும் முன்னால், வீட்டுக்காரம்மா எந்தக் கோயிலுக்குப் போவார், அங்கே கொடுக்கிற தாயத்து என்ன தண்டி இருக்கும் என்று கேட்டு, இறக்கைக்கு எட்டாத இடத்தில் அதைக் கட்டவும் ஒரு துளை வைத்துவிடுகிறேன்.