தங்கைக்குத் தெரிய வேண்டாம்

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை ஒரே வாரத்தில் காய்ச்சல் வார்டாக்கிவிட்டார்கள். தொட்டில்கள் வெளியே போயின, ஆக்சிஜன் சிலிண்டர்கள் உள்ளே உருண்டன. வார்டு உதவியாளர் மட்டும் பழைய ஆள்தான். பிள்ளைத்தாய்ச்சிகளை அதட்டி நடக்க வைத்தவள், இப்போது மூச்சுத் திணறியவர்களை அதட்டிக் குப்புறப் படுக்க வைத்தாள்.

தொற்று வந்த புதிதிலேயே அவள் வாடகை வீட்டில் புதுப்பூட்டு தொங்கியது. தட்டுமுட்டுச் சாமான்கள் தெருமுனையில் கிடந்தன. கூப்பிட்ட நேரமெல்லாம் ஓடி வந்தவளுக்குத் தெரு செய்த மரியாதை! பக்கத்து வீட்டில் இருந்த அவள் கூடப்பிறந்த அண்ணன் போனில் தழுதழுத்தார். மளிகைக்கடைக்காரர்தான் தெருவைக் கூட்டினாராம். காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் யாரும் மசியவில்லையாம். அவள் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்தாள். தன் வீட்டில் கால் நீட்டிப் படுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. அண்ணன் எப்படியாவது பேசி முடிப்பார் என்று நம்பிக் கிடந்தாள்.

கொஞ்ச நாளில் மளிகைக்கடைக்காரரே காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். கவனிப்பில் அவள் குறை வைக்கவில்லை. சுடுதண்ணீர் மட்டும் அவர் கட்டிலுக்கு ஆறித்தான் போகும்.

அடுத்து அண்ணன் வந்தார். சொந்தக்காரர் படுத்திருக்கும் பக்கம் வேலை கிடையாது என்பது வார்டின் சட்டம். வந்திருப்பது தன் அண்ணன் என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தலை முதல் கால் வரை மூடும் உடைக்குள் ஆள் அடையாளம் தெரியாது என்று எல்லோரும் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வார்கள். அன்று முதல் அவள் எழுதவில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று சைகையாலேயே அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள், முதுகைத் தட்டினாள், பக்கத்திலேயே காவல் இருந்தாள்.

காய்ச்சல் தணிந்த மதியம் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க யாரோ எவரோ. இங்க என் தங்கச்சி வேலை பாக்கறா. நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். அவ வீட்டப் பூட்டச் சொன்னதே நான்தான். பிள்ளைங்க இருக்கற இடம், பயந்துட்டேன். பழியத் தூக்கி மளிகைக்கடைக்காரர் மேல போட்டேன்."

தெரு துரத்தியபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. கையை உதறிவிட வேண்டும் போலிருந்தது. உதறாமல் அவர் முகமூடியைச் சரிசெய்துவிட்டு, சுடச்சுடத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்காரரிடம் போனாள். ஆறிய தண்ணீருக்கே பழகியிருந்த மனிதர் நாக்கைச் சுட்டுக்கொண்டு விழித்தார்.

யாரோ ஒருத்தியிடம் மனம்விட்டுச் சொன்னவர், நாளைக்குத் தன்னிடமும் சொல்லமாட்டாரா என்று அவளுக்கு ஒரு நப்பாசை. அவர் குணமாகிப் போன மறுநாளே போன் வந்தது.

"இன்னும் யாரும் மனசு எறங்கலம்மா. நானும் தெனமும் பேசிட்டுத்தான் இருக்கேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

காய்ச்சல் வார்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போனவர் அவர். அவர் கதவில் ஒரு பூட்டும் தொங்கவில்லை.

"சரிண்ணே," என்றாள். "ராத்திரியில கொஞ்ச நேரம் குப்புறப் படுத்துக்குங்க. இடது பக்கம் சாஞ்சாத்தான் உங்களுக்கு இருமல் வருது."

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. அது சீராக இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு அவள் போனை வைத்தாள்.