தாமானைக் கட்டியவர்

எங்கள் அப்பாவை ஊரில் பாதிப் பேர் ‘முடிச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் தன் சொந்தப் பெயரைக் கேட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பார். எனக்குத்தான் காது சுடும். அவரோடு கடைக்குப் போனால் கொஞ்சம் பின்தங்கியே நடப்பேன்.

மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரம் எங்கள் குப்பம். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஒரு காணும் பொங்கலன்று அந்தப் பெயர் அவருக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பாய் கட்டிய கட்டுமரங்களுக்குப் போட்டி நடக்கும். கரையிலிருந்து கிளம்பி, கடலுக்குள் மிதவையில் நட்ட கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அப்பா அதில் தோற்று நான் பார்த்ததில்லை. வகுப்பில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லாததால் அந்தப் பெருமையை நான் வருஷம் முழுக்கச் செலவு செய்வேன்.

அந்தப் பொங்கலுக்கு வீட்டில் போட்டியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, அம்மாவின் தம்பிக்குக் கொடுப்பதாகப் பேச்சு. மாமாவும் குப்பத்துப் பிள்ளைதான். ஆனால் அவருடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாததால், சின்ன வயசிலேயே அவரைத் திண்டிவனத்தில் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்கு விட்டுவிட்டார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளை லாரியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவது அவர் வேலை. அத்தைக்கு அவர்மேல் ஆசை. அவர் ஊருக்கு வந்தால் அத்தை காரணமே இல்லாமல் எங்கள் வாசலைத் திரும்பத் திரும்பப் பெருக்குவாள். தடையாக இருந்தவர் பெரியப்பா. தாத்தா இல்லாத வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு.

“கடலுக்குப் போவாதவனுக்கு நம்ம வூட்டுப் பொண்ணா? போட்டியில உன்கூட வந்து தாமானைப் புடிக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் அப்பாவிடம்.

இப்போது எல்லோரும் இன்ஜின் வைத்த படகில் போகிறார்கள் என்பதால் தாமான் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாயின் கீழ்முனையில் கட்டி, ஆள் கையில் பிடித்திருக்கும் கயிறு அது. காற்று இளைத்தால் இழுக்க வேண்டும், வலுத்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டுமரத்தின் ஓரத்தில் அடித்த முளையில் ஒரே ஒரு சுற்றுப் போட்டு, நுனியைக் கையிலேயே வைத்திருப்பார்கள். கை எவ்வளவு நொந்தாலும் கட்ட மாட்டார்கள். கட்டிவிட்டால், பலத்த காற்றில் பாய் கட்டுமரத்தையே புரட்டிப் போட்டுவிடும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

அன்று காலையிலிருந்தே வாடைக்காற்று பேயாக அடித்தது. கரையில் மணல் பறந்து கால்களில் ஊசிபோலக் குத்தியது. போட்டியை நிறுத்திவிடலாமா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் போய் நின்றார். அத்தை பெண்கள் கூட்டத்தில் கடைசியில் நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா பின்னால் துடுப்போடு உட்கார்ந்தார். மாமா நடுவில், காற்று வரும் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தாமானைப் பிடித்தார். அவருடைய கனம் அந்தப் பக்கம் இருந்ததால் மரம் சாயாமல் ஓடியது. பாய் வயிறு புடைத்து நிற்க, மற்றவர்களைத் தாண்டி எங்கள் மரம் கொடியை நெருங்கியது. பெரியப்பா, “பையன் தேறிட்டான்பா” என்று பக்கத்திலிருந்தவரிடம் உரக்கச் சொன்னார். அத்தை அதைக் கேட்டுவிட்டு என் தோளை அழுத்தினாள்.

கொடியைச் சுற்றும்போது பாயை மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். அதற்குத் தாமானை விட வேண்டும். எங்கள் பாய் மாறவில்லை. மரம் ஒரு பக்கமாக அப்படியே சாய்ந்தது. மரத்தின் மறுபக்கம் தண்ணீரை விட்டு மேலே எழும்பியது. அத்தை என் தோளை விட்டுவிட்டாள். அடுத்த நொடி பாய் பிய்த்துக்கொண்டு கொடித்துணிபோல அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. ஆனால் போட்டி போய்விட்டது. மற்ற மரங்களெல்லாம் எங்களைத் தாண்டி வந்து, பரிசும் வாங்கி, துண்டை உதறித் தலை துவட்டிய பிறகு, இரண்டு பேரும் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

மரத்தை இழுத்துப் போட்டதும் எல்லோரும் பார்த்தது முளையைத்தான். அதில் தாமான் இறுக்கி முடிச்சிடப்பட்டு, கத்தியால் அறுபட்டுக் கிடந்தது.

பெரியப்பா குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

“யார்டா கட்னது?”

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா, “நான்தாண்ணா. மச்சான் நல்லாத்தான் புடிச்சிக்கினு இருந்தாரு. நான்தான் வாங்கிக் கட்டிட்டேன். காத்துக்குப் பயந்துட்டேன்” என்றார்.

“பயந்துட்டியா? இன்னா மாடா அது, கட்டிப் போடறதுக்கு?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதோடு சிரிப்பு ஆரம்பித்தது. அன்று சாயங்காலத்துக்குள் ‘முடிச்சு’ என்ற பெயர் குப்பத்தின் அடுத்த கோடிவரை போய்விட்டது.

பெரியப்பா சிரிக்கவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உனக்கு உன் மச்சான் தேவலாம்” என்று சொல்லி நடந்தார். அந்த வாயாலேயே மறுநாள் கல்யாணத்துக்குச் சம்மதமும் சொன்னார்.

எனக்கு அந்தச் சம்மதம் எதற்கும் உதவவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும், என் சடையின் நுனியைப் பெஞ்சில் கட்டிவிட்டு, “முடிச்சு பொண்ணு, எழுந்திரு பாக்கலாம்” என்றார்கள். கரை வழியாகப் போனால் வலை பின்னுகிறவர்கள் ஏதாவது கேட்பார்கள் என்று உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். எங்கள் அப்பா தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பயந்தேன் என்று அத்தனை பேர் எதிரில் அவரே சொன்னாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் தட்டில் சோறு போட்டுப் பிசைவதைப் பார்க்கும்போதுகூட, இந்தக் கைதானே என்று தோன்றும்.

நடந்ததை அத்தை எனக்குச் சொன்னது, அப்பா இறந்து, காரியம் முடிந்து உறவுக்காரர்களெல்லாம் கிளம்பிய பிறகு. நான் அப்போது பேரன் எடுத்துவிட்டேன். கொடியை நெருங்கும்போது கயிறு மாமாவின் உள்ளங்கையை அறுத்திருக்கிறது. கை நழுவிவிட்டால் அத்தை தனக்கில்லை என்ற பயத்தில், அவர் கை தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது. ஒலக்கூர் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, லோடு சென்னைக்குப் போய்ச் சேரும்வரை இளகாத லாரி முடிச்சு. நனைந்த கயிற்றில் அதை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை. அப்பா துடுப்பைப் போட்டுவிட்டு ஊர்ந்து வந்து மீன் கத்தியால் அறுத்திருக்கிறார். திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாராம். “கரையில நீ வாயத் தொறக்காத.”

இது எதுவும் எனக்குத் தெரியாத அந்தச் சின்ன வயசில்தான் அத்தை கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. தாலி கட்டும் நேரம். மணவறைக்குப் பக்கத்தில், மாமாவின் கைக்கு எட்டும் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா தாலியை எடுத்துக் கொடுத்தபோது, குப்பத்திலிருந்து வந்த ஒருவர் சத்தமாகச் சொன்னார்: “மாப்பிள்ள, தாலிய உங்க அக்கா வூட்டுக்காரரு கையில குடு. அவரு போட்டா ஜென்மத்துக்கும் அவுறாது.”

பந்தலே சிரித்தது. மேளக்காரர்கூடச் சிரித்தார். அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். நான் பக்கத்திலிருந்த பெரியம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். விரலிடுக்கில் பார்த்தால், அந்தப் பந்தலில் சிரிக்காத இன்னொரு ஆள் மாமா மட்டும்தான். தலை குனிந்திருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா நின்ற பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பாவம், இப்படிப்பட்ட மனுஷன் வீட்டில் சம்பந்தம் செய்துகொண்டோமே என்று கூசிப்போய்விட்டார் என்று நினைத்தேன். அவர் தாலி கட்டி முடித்ததும், யாருக்கும் தெரியாமல் நகர்ந்து போய் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவை நினைத்து வெட்கப்பட எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது.