பால்கோவா டப்பாவில் பறக்கும் ஆவி

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கப் போனேன். ராஜபாளையத்து டிடிபி டிசைன் கடையில் வேலை பார்த்தபோது, தொண்ணூற்றெட்டில் நான் கம்ப்யூட்டரில் செய்த படம்தான் இன்னும் அந்தக் கடை டப்பாவில் இருக்கிறது: அடுப்பில் பால் சட்டி, மேலே ஆவி.

கடைக்காரர், புது டிசைன் கொண்டுவந்த பெண்ணிடம் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. பழைய டப்பாவுல ஆவி பறக்குதே, அது மாதிரி வரலையே."

"எம்புட்டு எஃபெக்ட் போட்டாலும் வரமாட்டேங்குது அண்ணாச்சி. யார் செஞ்சாகளோ!"

"நாந்தாம்மா" என்றேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எந்த ஃபில்டர் சார்?"

"வெறும் பிளர்தான். படத்தை மங்கலாக்குறது."

அந்த ஆவிக்காக எதை ஸ்கேன் செய்து பிளர் பண்ணினேன் என்பதைக் கடைக்காரர் முன்னால் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் தறியில் நெய்யும் பேண்டேஜ் துணி. புண்ணுக்குச் சுற்றுவோமே, அதேதான்.

இத்தனை வருஷமாக அந்த டப்பாவைப் பார்த்து எச்சில் ஊறியவர்கள் கையைத் தூக்கவும்.