நான்காம் விதிப்படி அனுதாபம்

தாழ்வுபாடு என்ற ஊரைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ரைன் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. ஊரில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களுமாக நானூறு பேருக்கு ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கி, அதன் மட்டுறுத்துநராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டார். அவர் கண்ணில் படாமல் ஒரு கடிதமும் குழுவுக்குப் போகாது. தலைப்பு இல்லாத கடிதம் திரும்பும். பழைய கடிதம் முழுவதையும் கீழே வால் மாதிரித் தொங்கவிட்டு மேலே "ஓம்" என்று ஆமோதித்து ஒரு சொல் மட்டும் எழுதியதும் திரும்பும்.

போன வருடம் ஊரில் ஒருவர் இறந்தபோது "ஆன்மா இளைப்பாறட்டும்" என்று நூற்றுநாற்பது கடிதம் வந்தது. ஒவ்வொன்றாக அனுமதித்து அவருக்கு விரல் நொந்துபோனது. அன்றைக்கே நான்காம் விதி எழுதினார்: அனுதாபம் குழுவுக்கு அல்ல, குடும்பத்தாரின் சொந்த முகவரிக்கு.

இந்த மாசியில் அவருடைய மனைவி அஞ்சலா இறந்துபோனார்.

எட்டாம் நாள் பூசை முடிந்து வந்துதான் கணினியைத் திறந்தார். அறுபத்தொரு கடிதம் அனுமதிக்குக் காத்திருந்தது. எல்லாம் அனுதாபம், எல்லாம் விதிக்கு முரண். சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஜெஸ்லியா எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், இந்த ஒருக்காலாவது விடுங்கோவன்."

"விதி எண்டால் விதி, பிள்ளை."

அறுபத்தொன்றையும் திருப்பினார். குடும்பத்தார் என்று இருந்தது அவர் ஒருவர்தான். பின்னேரத்துக்குள் அத்தனையும் அவருடைய பெட்டிக்கே வந்து சேர்ந்தன.

அவற்றுக்கு அடியில் ஒரு வாரம் முந்திய கடிதம் ஒன்று கிடந்தது. யாரும் திருப்பாமலே சரியான முகவரிக்கு வந்தது அது ஒன்றுதான். எழுதியவன் ஒஸ்லோவில் இருக்கும் அக்கா மகன் றொட்னி. திருவிழாவுக்கு அமர்த்திய பாண்ட் கோஷ்டியைக் கழுதைக் கூட்டம் என்று எழுதி, மூன்று எச்சரிக்கைக்கும் அடங்காததால், இரண்டு வருடத்துக்கு முன் கொன்ஸ்ரன்ரைனே குழுவை விட்டு நீக்கிய றொட்னி. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. கடிதத்தின் தலைப்பு "நான்காம் விதிப்படி அனுதாபம்" என்று இருந்தது. போன வருடம் எழுதிய விதி இவனுக்கு எப்படித் தெரியும்?

"மாமா, உங்கட விதியள் எல்லாம் எனக்குத் தெரியும். குழுவில வாற ஒவ்வொரு கடிதத்தையும் மாமி எனக்கு அனுப்பினவ. ஒரு நாளும் விட்டதில்லை. நீங்கள் எழுதின எச்சரிக்கையளை வாசிச்சுப்போட்டு ரெண்டுபேரும் போனில சிரிப்பம். இனி ஊரில என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியவராது."

குழுக் கடிதத்தை வெளியாருக்கு அனுப்புவது எல்லாவற்றிலும் பெரிய குற்றம், உடனே நீக்கம். கொன்ஸ்ரன்ரைனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே வீட்டில், ஒரே கணினியில்! உறுப்பினர் பட்டியலைத் திறந்து அஞ்சலாவின் பெயரைத் தேடிப் பிடித்தார். அதற்குமேல் கை போகவில்லை. அடக்கத்தன்று வராத அழுகை அப்போதுதான் அவருக்கு வந்தது.

நீக்கியவரைத் திரும்பச் சேர்க்க விதியில் இடமில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோட்டவெளி ஊரோடு நடந்த உதைபந்தாட்டத்தில் ஊர் தோற்ற செய்தியைக் குழுவிலிருந்து எடுத்து றொட்னிக்கு அனுப்பினார். கூடவே எழுதினார்:

"இனி நான் அனுப்புறன், மருமோன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."