தோட்டத்துத் துரையின் அரைவாய்ப் பதில்

"...இல்லேன்னும் சொல்லல, சரின்னும் சொல்லலைன்னா, அப்புறம் என்ன எழவுக்கு வாயத் தொறந்தாரு அந்தத் தொரை?" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் ரைட்டரைக் கேட்டார் அந்த அம்மா.

எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தின் ஆபீஸ் வாசல். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் முந்தின நாள் மழையில் சரிவில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் கிடந்தார். பத்து மணிக்கு மேனேஜரை ஏற்றிக்கொண்டு ஜீப் போடிக்கு இறங்கும். அதில் அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கேட்டது அவ்வளவுதான். இதை விட்டால் அடுத்த ஜீப் மூன்று நாள் கழித்து. கால் கோணலாகக் கூடிவிட்டால் மலையேறிப் பிழைப்பது அன்றோடு சரி.

துரை என்று நாங்கள் கூப்பிடும் மேனேஜரும் தமிழில் அழுதுகொண்டு பிறந்தவர்தான். ஆனால் ஆபீசுக்கு வரும்போது தமிழைச் சேற்றுச் செருப்பு மாதிரி வாசலிலேயே கழற்றிவிடுவார். சரி, இங்கிலீஷையாவது உருப்படியாகப் பேசுவாரா? டீ எப்படி என்றால் 'நாட் பேட்'. லீவு உண்டா என்றால் 'நாட் ரியலி'. எதற்கும் முன்னால் ஒரு 'நாட்'. டீக்கடையில் வடை மடித்துத் தரும் இங்கிலீஷ் பேப்பரைப் படித்து அந்த மொழியைப் பிடித்தவன் நான். பேப்பரில் அது நேராகத்தான் நடந்தது. இவர் வாயில் வந்ததோ விளக்கெண்ணெயில் வதக்கிய வெண்டைக்காய்.

அன்றைக்கு, ரைட்டர் உள்ளே போய் ஜீப்பைக் கேட்டதற்கு, தலையைக்கூடத் தூக்காமல் 'ஐ வுடன்ட் சே நோ' என்றார். மாட்டேன் என்று சொல்ல மாட்டாராம். அதாவது, கொண்டுபோ. நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால், 'நான் எப்போது சரி என்றேன்?' என்று நழுவிக்கொள்ளலாம். செய்கிற ஒரு நல்லதுக்கும் பின்வாசல் வைத்துக் கட்டுகிற மனுசனை என்னவென்று சொல்ல?

ரைட்டர் அதற்கும் ஒரு படி மேல். அவருக்கு அந்தப் பதில் புரியவில்லை. புரியவில்லை என்று ஒப்புக்கொண்டால் உத்தியோக மானம் போய்விடுமே! "இல்லேன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. பாப்போம்ங்கிறாரு" என்று தாமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கம் 'பாப்போம்' என்றால் என்னவென்று ராசிங்காபுரத்துக் கன்றுக்குட்டிக்கும் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. பெண் கேட்டுப் போன வீட்டில் காபி கொடுத்து, "பாப்போம் மாப்ளே" என்றார்களென்றால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். அதனால், நின்றிருந்த நாலு ஆண்களும் மறுபேச்சுப் பேசாமல் கம்பும் கம்பளியும் தேடப் போனார்கள். தூளி கட்டி, ஆளை பஸ் கிடைக்கும் மெட்டு வரைக்கும் சுமந்துகொண்டே போக.

அந்த அம்மா மட்டும் நகரவில்லை. அப்போதுதான், 'என்ன எழவுக்கு வாயத் தொறந்தாரு' என்று கேட்டார்.

"அது இங்கிலீசு ஆத்தா, உனக்குப் புரியாது" என்றார் ரைட்டர்.

"எனக்குப் புரியாது சரி. உங்களுக்குப் புரிஞ்சுதா?"

உதவி ரைட்டரான எனக்குப் புரிந்திருந்தது. மேலே இருப்பவர் சொன்னதைத் தப்பு என்றால் என் சோலி போய்விடுமே என்று ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆபீசில் மூன்றாவது கோழை நான்.

"மாட்டேன்னு சொல்லல ஆத்தா" என்று கடைசியில் முனகினேன்.

"அதச் சத்தமாச் சொன்னா தொண்ட கிழிஞ்சிருமா அப்பு?" என்றவர், நேரே மேனேஜர் மேசைக்கு முன்னால் போய் நின்றார். "அய்யா, ஒத்த வார்த்த சொல்லுங்க. எம்புருசனை ஜீப்புல ஏத்தவா, வேணாமா?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'ஐ டோன்ட் சீ வை நாட்' என்றார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

"ஏத்தக் கூடாதுங்கிறதுக்கு அவருக்கு ஒரு காரணமும் தோணலையாம்."

"காரணம் தோணுறதுக்குள்ள ஏத்திப்புடுவோம்" என்று வெளியே வந்து, லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கம்பு வேணாம்யா! ஆளக் கொண்டாங்க, வெரசா!"

பிறகு ஜீப்பின் பின்பக்கம் ஏறி, மூட்டைகளை ஓரம் தள்ளிக் கம்பளியை விரித்தார். முன் சீட்டில் மேனேஜர் உட்காருவதற்கென்று போட்டிருந்த பஞ்சுத் திண்டை எட்டி உருவி, முறிந்த கால் வரப்போகும் இடத்தில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டினார்.