இருபத்தொரு நாள் தொட்டி

வடக்குப்பட்டு ரோட்டில் எல்லப்பன் கடைக்கு வண்ண மீன் வாங்கப் போகிறவர்கள் முதல் தடவை திட்டிக்கொண்டேதான் திரும்புவார்கள். பின்னே என்ன, கண்ணெதிரே தொட்டியில் மீன் ஓடிக்கொண்டிருக்கும், கையில் பணமும் இருக்கும், ஆனால் இந்த மனிதன் தரமாட்டான். போன ஞாயிற்றுக்கிழமை வந்த மீன், இன்னும் பதினாலு நாள் இருக்கிறது, அப்புறம் வாங்க என்று அனுப்பிவிடுவான். "மீனுக்கு மாலை போட்டுவிட்டு விரதம் முடியட்டும் என்கிறான்" என்று எதிர் டீக்கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூலைத் தொட்டியில் ஒரு சிவப்பு மீன் தனியாகக் கிடக்கிறது, அதை மூன்று வருஷமாக யார் கேட்டும் தரவில்லை. அது வேறு ஒருத்தருடையது என்பான். யாருடையது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இவன் இப்படிப்பட்டவன் இல்லை. அப்போது எல்லப்பனுக்கு மீனைவிட வாய்தான் பெரிய மூலதனம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வீட்டு நிலம் கம்பெனிக்குப் போனபின், ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தான். வெளியிலிருந்து வரும் சாமானை இறக்கி வைக்கிற இடத்தில் வேலை. அங்கே வந்திறங்கும் ஒரு போல்ட்டைக்கூட நேரே லைனுக்கு விடமாட்டார்கள். சிவப்பு ட்ரேயில் ஒதுக்கி வைத்து, செக் பண்ணி, கையெழுத்து விழுந்த பிறகுதான் உள்ளே போகும். அவசரப்பட்டு ஒருத்தன் ட்ரேயில் கை வைத்தால் சூப்பர்வைசர் கிழித்துத் தொங்கப்போட்டுவிடுவார். கான்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்ததும் மீன் கடை போட்டான். வாடகை ரூமில் நாய் வளர்க்க ஓனர் விடமாட்டார், மீன் குரைக்கவா போகிறது? ஊர் விட்டு வந்த பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து வந்து வாங்கிப் போனார்கள்.

ஞாயிறு காலை கொளத்தூர் சந்தைக்குப் போய் மூட்டையாகக் கொண்டுவருவான். சாயங்காலத்துக்குள் பாதி விற்றுவிடும். புது மீனைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும், அதன் உடம்பில் ஒட்டுண்ணி இருக்கும், மருந்து போட்டுச் சுத்தமான பிறகுதான் கைமாற்ற வேண்டும் என்பது இவனுக்குத் தெரியாததா? தெரியும். போல்ட்டுக்குக் காட்டிய மரியாதையை உயிருக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மீன் செத்தால் ஆட்கள் கோபமாக வருவார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். "இது வாஸ்து மீனுங்க. உங்க வூட்டுக்கு வர இருந்த கண்டத்த அது வாங்கிக்கிச்சு. தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு வுடுங்க" என்பான். சண்டை போட வந்தவர் கும்பிடாத குறையாக இன்னொரு மீனும் வாங்கிப் போவார். இந்த நரம்பில்லாத நாக்கு ஒரு நாள் வம்பு இழுத்து வைக்கும் என்று அவன் மனைவி மஞ்சுளா சொல்லாத நாளில்லை. வீட்டுக்காரி பேச்சை எந்தப் புருஷன் கேட்டான்?

நாச்சியாரும் சக்திகுமாரும் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். பிள்ளைப்பாக்கத்தில் ஒரே ஒரு ரூம். அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான், அவள் செல்போன் கம்பெனி லைனில் நின்றாள். மூன்று வயதுப் பெண் லேகாவைப் பார்த்துக்கொள்ள இருவரும் வேறு வேறு ஷிப்ட் வாங்கியிருந்தார்கள். பிள்ளைக்காகத்தான் மீன் வாங்க வந்தார்கள். நெற்றியில் கொழுக்கட்டை வைத்ததுபோல் புடைத்த ஒரு சிவப்பு மீன் லேகாவுக்குப் பிடித்துப்போனது. கண்ணாடியில் விரல் வைத்தால் கூடவே வந்தது. காலையில் வந்திறங்கிய மீன். சாயங்காலமே கொடுத்துவிட்டான்.

நாலாம் நாள் அதன் செதிலிலும் வாலிலும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. நாச்சியார் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். நீல மருந்தும் ஒரு கை கல்லுப்பும் போடச் சொன்னான். மூன்றே நாளில் புள்ளி எல்லாம் காணோம் என்று சந்தோஷமாகப் போன் பண்ணினாள். சரியாகிவிட்டது, மருந்தை நிறுத்து என்றான். படுபாவி. புள்ளி உதிர்ந்தால் பூச்சி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, ஒன்று நூறாகப் பெருகி, மறுபடி உடம்பு தேடி வரும். அந்தச் சமயத்தில்தான் மருந்து வேலை செய்ய வேண்டும். இதையெல்லாம் இவன் பிறகுதான் படித்தான். இரண்டாம் தடவை அது செவுளில் ஏறியது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செத்தது.

அன்று காலை பத்து மணிக்கு இருவரும் பிள்ளையோடு கடைக்கு வந்தார்கள். டிபன் டப்பாவில் செத்த மீன். எப்போதும் கம்பெனி யூனிபார்மில் வரும் சக்திகுமார் அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தான். எல்லப்பன் வழக்கமான பாட்டைப் பாடினான். கண்டம், தலைப்பாகை, எல்லாம். நாச்சியாரின் முகம் மாறியது. நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டாள். சத்தியமாக என்றான். தொட்டி காலியாகக் கிடக்கக் கூடாது, சீக்கிரம் வேறொன்று வாங்கி விடுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டான். சம்பளம் வரட்டும் என்றாள். சக்திகுமார் நெஞ்சைத் தடவிக்கொண்டே, இரண்டு நாளாகக் கேஸ் தொந்தரவு, காலையிலிருந்து வலி விட்டுவிட்டது என்று சிரித்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வயது.

டீக்கடையில் இதைக் கேட்டதும் எல்லப்பன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினான். அதற்குள் ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நாம் என்ன செய்தோம், மீன்தானே விற்றோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டதோடு சரி, சோறு இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நாச்சியார் வந்தாள். வெறுங்கழுத்து. மறுபடி அதே லைனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இடுப்பில் லேகா. சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லப்பன் எழுந்து நின்றான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

"தொட்டி காலியாக் கெடக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னியள்லா அண்ணாச்சி. சம்பளம் வரட்டும்னு நாந்தான் சொன்னேன். ஒரு மீனு கெடந்திருந்தா அவியளுக்கு வந்ததையும் அது வாங்கியிருக்கும். இவளுக்காவது ஒண்ணு காவலுக்குக் கெடக்கட்டும். தாங்க."

இத்தனை வருஷம் எத்தனையோ பேரிடம் விற்ற பொய், ஒருத்தி மார்பில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நிற்கிறது. புருஷனைத் தானே கொன்றதாக நினைக்கிறாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பாரம் இறங்கும். சொல்லாமல் மீனைக் கொடுத்தால், நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால் டாக்டரைப் பார்க்கமாட்டாள், தொட்டியைப் பார்ப்பாள். கடைசியில் வாயில் வந்தது இதுதான்: புது மீன், இருபத்தொரு நாள் தனியே வைத்து மருந்து போட வேண்டும், பிறகு வா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மீனை நிறுத்தி வைத்தான், அதுவும் பயத்தில்.

மஞ்சுளாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மீனுக்கு இருபத்தொரு நாள் வோணும். உண்மைய சொல்றதுக்கு இன்னாத்துக்கு அத்தினி நாளு? ஒரு நிமிசம் போதும்."

போதும்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டியில், நாச்சியாருக்கென்று புதிதாக வந்த ஒரு சிவப்பு மீனைத் தனியாக விட்டான். அதற்கென்று தனி வலை, தனி வாளி. ஹீட்டர் வைத்துச் சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினான். தினம் அடித்தரையை டியூப் போட்டு உறிஞ்சி, கால்வாசித் தண்ணீரை மாற்றி, அதற்கேற்ற மருந்தை விட்டான். ஐந்தாம் நாள் புள்ளி வந்தது. ஒன்பதாம் நாள் உதிர்ந்தது. இந்தத் தடவை மருந்தை நிறுத்தவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பதுபோல் பார்த்தான்.

நாச்சியாரின் கம்பெனி பஸ் கடைக்கு எதிரே நிற்கும். இறங்கியதும் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே, இன்னும் எத்தனை நாள் என்று கையைத் திருப்பிக் கேட்பாள். எல்லப்பன் விரல்களைக் காட்டுவான். பத்து. மறுநாள் ஒன்பது. எட்டு. தலையாட்டிவிட்டுப் போவாள். ஒவ்வொரு தடவையும் ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று செருப்பை மாட்டுவான், மறுபடி கழற்றுவான்.

இரண்டு விரல் காட்ட வேண்டிய நாளில் அவள் பஸ்ஸில் வரவில்லை. காலையிலேயே ஆட்டோவில் வந்து இறங்கினாள். லேகா தோளில் துவண்டு கிடந்தாள். நேற்றிலிருந்து காய்ச்சல், ரெண்டு நாள் போனால் போகிறது, மீனை இப்போதே கொடுத்துவிடுங்கள் என்றாள். எல்லப்பன் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தான். தோசைக்கல்லாகக் கொதித்தது. அப்போதுதான் அவனுக்கு வாய் திறந்தது.

"நாச்சியாரு, மீனு யாருக்கும் எதையும் வாங்கிக்காதும்மா. அன்னிக்கு நான் குடுத்தது சீக்கு மீனு. செக் பண்ணாம வித்துட்டேன், அதான் செத்துச்சு. கண்டம் கிண்டம்லாம் என் கடை ஓடறதுக்கு நானா சொன்னது. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

பாரம் இறங்கும் என்று நினைத்தான் பாருங்கள், பாவி. அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கெளம்பிட்டு இருந்தோம் அண்ணாச்சி. அதுக்குத்தான் அந்த வெள்ளச் சட்டை. போற வழியில ஒங்க கடை. நீங்க சொன்னதும், கண்டந்தான் கழிஞ்சிட்டே, வலியும் இல்லயே, வீட்டுக்குப் போய் ஒறங்குங்கன்னு நாந்தான் திருப்பிக் கூட்டிட்டுப் போனேன். வந்தது வந்தோம், ஒரு எட்டு பாத்துட்டே போயிருவோம்னு அவிய சொன்னாவ."

எல்லப்பன் கீழே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனை அவள்தான் எழுப்பினாள். ஆட்டோ நிற்கிறது, பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று மட்டும் கேட்டாள். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அவனும் ஏறினான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று கூட்டமில்லை. சீட்டு எழுதினார்கள். நர்ஸ் காய்ச்சல் பார்த்து, ரத்தம் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து மருந்து புகட்டினாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் நெஞ்சுவலி என்று வந்திருந்தார். அவர் மார்பில் வயர் ஒட்டினார்கள். மிஷினிலிருந்து நீளமாக ஒரு காகிதம் வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்து, ஆம்புலன்ஸ் வரச்சொன்னார். தாமதிக்காமல் வந்தீர்கள், பயமில்லை என்று அவர் மகனிடம் சொன்னது இவர்களுக்கும் கேட்டது. நாச்சியார் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லேகாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான், நாளைக்கு ஒரு தடவை கொண்டு வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். பிள்ளைக்கு உடம்பு வேர்த்துச் சூடு தணிய ஆரம்பித்திருந்தது. தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் சுவர்க்கடிகாரம் தொங்கியது. நாச்சியார் அதைப் பார்த்தாள், கையிலிருந்த சீட்டில் எழுதியிருந்த, அவர்கள் வந்த நேரத்தைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அர மணி நேரந்தானா அண்ணாச்சி?" என்றாள்.