தனியாக எடுத்து வைத்த சாம்பார்

அந்தத் தூக்கு இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. சின்ன எவர்சில்வர் தூக்கு. மூடியில் அப்பாவின் பெயருடைய முதலெழுத்து வெட்டியிருக்கும். பாத்திரக்கடையில் நின்று அவரே வெட்டச் சொன்னது. வாங்கிய நாளிலிருந்து போன மாதம் வரை அது எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. திருவண்ணாமலையில் ஒரு ஓட்டலின் அடுப்படி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டல் முதலாளியை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அலுவலக வேலை. ஊருக்கு யார் வந்தாலும் எங்கே சாப்பிடலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள், நானும் வாய் ஓயாமல் சொல்வேன். காலையில் தேரடிப் பக்கம் நெய் மிதக்கும் பொங்கல், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டினால் சூடான சுண்டல், பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு காபி. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அண்ணன் கடை சாம்பார் வடை. வடை நன்றாக ஊறிப் போயிருக்கும், ஆனாலும் குழையாது. அதைச் சாப்பிடாமல் போனால் இந்த ஊருக்கு வந்ததே வீண் என்று எத்தனை பேரை அங்கே அனுப்பியிருப்பேன். அவருக்குச் சம்பளம் வாங்காத விளம்பரக்காரி நான்தான்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். சொந்த ஊர் போளூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்க மாட்டோம், பொழுது சாய்ந்த பின் சாப்பிட மாட்டோம். வேலைக்கு வந்த பிறகு பொழுது விஷயத்திலும் வெங்காய விஷயத்திலும் நான் முன்னே பின்னே இருந்திருக்கிறேன். அப்பா அப்படியில்லை. ஓட்டல் வாசலையே மிதிக்காதவர். இருதயம் பலவீனமாகி மாதாமாதம் டவுன் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டி வந்தபோதுதான் சிக்கல். பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர இருட்டிவிடும். நான் அப்போது விடுதியில் இருந்தேன், சமைத்துக் கொடுக்க வழியில்லை. இங்கே சாப்பிடாவிட்டால் மறுநாள் காலை வரை பட்டினி. டாக்டரோ பட்டினியே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணனிடம் போய் நின்றேன். "இதுக்கா இவ்ளோ யோசிக்கிறீங்க? வடையில மிளகு மட்டும்தான். சாம்பாரு, வெங்காயம் போடறதுக்கு முன்னாடியே அப்பாவுக்குத் தனியா எடுத்து வெச்சிடறேன். பாத்திரம் மட்டும் நீங்களே குடுத்துடுங்க" என்றார். அப்படித்தான் அந்தத் தூக்கு வாங்கினோம்.

டவுனில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். நிஜமான அஸ்தமனத்துக்கு நேரம் இருக்கிறது என்று நான் வாதாடுவேன். மலை மறைத்துவிட்டால் அப்பாவுக்குப் பொழுது முடிந்தது. அண்ணனும் அதைப் பிடித்துக்கொண்டார். கல்லாவை விட்டு எழுந்து தெருவுக்கு வந்து மலையைப் பார்ப்பார். "ஐயா, பொழுது இறங்குது, முதல்ல நீங்க உக்காருங்க" என்பார். பௌர்ணமிக் கூட்டம் வாசல்வரை நெருக்கும்போதும் அப்பாவுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருப்பார். கூடப்பிறந்த அண்ணன்கூட இப்படிச் செய்வானா என்று நான் நெகிழ்ந்துபோவேன்.

முதல் வாயிலேயே அப்பா ருசியில் சொக்கிப்போனார். "வெங்காயம் இல்லாம இவ்ளோ ருசி வருமா?" என்று ஊருக்குப் போய் அம்மாவிடமும் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது அம்மாவுக்குச் சனி. பெருங்காயத்தை ஜாஸ்தியாக்கிப் பார்த்தாள், கம்மியாக்கிப் பார்த்தாள், தனியாவை வறுத்துப் பார்த்தாள். பக்குவம் கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்புவாள். "கைப்பக்குவம்ங்க, அவ்ளோதான்" என்று அண்ணன் சிரிப்பார். அம்மா வைத்ததை அப்பா ருசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா அது வேற" என்பார். அம்மா மறுபடி அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா இறந்த பிறகும் அவள் அந்தச் சாம்பாரை விடவில்லை. இப்போது என்னோடு வேங்கிக்காலில் இருக்கிறாள், இங்கே வந்தும் முயன்றுகொண்டுதான் இருந்தாள்.

போன மாதம் அலுவலகக் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது, திருவண்ணாமலையில் தவறவிடக் கூடாத ஓட்டல்கள் என்று. முதல் கடையே அண்ணன் கடை. பெருமையாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். ருசியின் ரகசியம் என்னவென்று வீடியோக்காரர் கேட்க, "சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி அரைச்சுப் பருப்போடவே கொதிக்க விட்டுடுவோம். அப்புறம் பிரிக்கவே முடியாது" என்றார் அண்ணன். வெங்காயம் சாப்பிடாதவர்கள் வந்தால் என்று அடுத்த கேள்வி. "வடிகட்டிக் குடுத்துடுவேன். கண்ணுல படலன்னா போச்சு. ஒரு பெரியவரு வருஷக்கணக்கா சாப்ட்டாரு. பாவம், கடைசி வரைக்கும் தெரியாது." பேசிக்கொண்டே சிரித்தார். அவர் தலைக்கு மேலே ஆணியில் அப்பாவின் தூக்கு தொங்கியது.

மதியமே போனேன். "அந்தப் பெரியவரு எங்கப்பாதானே?" என்றேன். அவர் முகம் செத்துப்போனது. "உடம்புக்கு ஒண்ணும் ஆவலியேம்மா. பசியோட அனுப்ப மனசு வரல. ஆசையாத்தானே சாப்ட்டாரு" என்றார்.

வெங்காயம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார் அப்பா. எனக்காகத்தான் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தார். வாழ்நாள் முழுக்கக் காத்த விரதத்தை இந்த ஆள் அவருக்கே தெரியாமல் உடைத்துவிட்டு, வெளியே வந்து மலையைப் பார்த்துப் பொழுதும் சொல்லியிருக்கிறார். அந்த அக்கறையும் பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முழுசாகப் பொய் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தலைமுழுகியிருப்பேன். ஆணியிலிருந்து தூக்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போதும் எங்கே சாப்பிடலாம் என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குத் தூக்கைப் பார்த்ததும் அம்மா, "இதை ஏன் எடுத்துட்டு வந்துட்ட?" என்று கேட்டாள். அடுப்பில் அவள் வைத்த சாம்பார் இருந்தது. ஒரு கரண்டி ஊற்றிக் குடித்துவிட்டு, "அந்தக் கடை சாம்பாரு உன்னுதுகிட்ட நிக்காதும்மா" என்றேன்.

அம்மா தூக்கைத் தேய்த்துக் கழுவி, எழுத்து வெட்டிய மூடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"உங்கப்பா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே" என்றாள்.